எஃகு வேட்பாளர் நால்வர்

அந்தத் தொழிற்சாலையில் அழிவில்லாதன மூன்று என்பர்: வானம், நிலம், அச்சு உலோகத் தேர்வு மன்றம். முன்னவை இரண்டும் எப்போது தோன்றின என்பதற்கு ஆவணம் இல்லை. மூன்றாவதற்கு உண்டு, அதைப் பார்ப்பதற்கு மன்றத்தின் அனுமதி வேண்டும்.

மன்றம் மாடியில் இருந்தது. கீழே, முற்றத்தின் கடைக்கோடியில், மூன்றாம் கொட்டகை இருந்தது. அதனுள்ளே மூன்றாள் உயரத்துக்கு ஒரு சம்மட்டி நின்றது. உலையில் பழுத்துச் செவ்வரளி நிறம் கொண்ட இரும்புத் துண்டைக் கீழச்சின் குழியில் இடுவார்கள். மேலச்சைச் சுமந்த சம்மட்டித் தலை மேலிருந்து இறங்கும். முதலடியில் துண்டு தன் பழைய வடிவை மறக்கும், இரண்டிலும் மூன்றிலும் புதிய வடிவை நினைக்கும், நான்காவதில் கொக்கியாகிவிடும். துறைமுகங்களில் பளு தூக்கும் கொக்கி. எத்தனை பிறவிகள் எடுத்தும் மனிதன் அடையாத மாற்றத்தை இரும்பு அங்கே நான்கே அடிகளில் அடைந்தது.

அந்தச் சம்மட்டியை ஆண்டவர் ஓர் அம்மையார். அச்சுகளை, கொட்டகைப் பேச்சில் 'டை'களை, வெட்டுபவர் அவருடைய கணவரின் தம்பி. அவர் 'அண்ணி' என்று அழைக்க, கொட்டகையில் இருந்த ஐவரும் அவ்வாறே அழைத்தார்கள். துறைமுகத்திலிருந்து கொக்கி வாங்க வருகிறவர்களும் அவ்வாறே அழைத்தார்கள். அச்சு வெட்டுபவருக்கோ மைக்ரான் என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கி, அதில் ஒரு கூறுக்காக உறவையும் பகைத்துக்கொள்ளக் கூடியவர் என்பது அதன் பொருள்.

ஒரு நாள் காலை, அண்ணி சம்மட்டியை நிறுத்தினார்.

"தம்பி, இங்க வந்து பாரு. கொக்கி மூக்குல கோடு விழுது."

மைக்ரான் மண்டியிட்டு, கைவிளக்கைக் கீழச்சின் குழிக்குள் செலுத்தினார். குழியின் ஓரத்தில் மயிரிழை அளவாக ஒரு வெடிப்பு, அதற்குப் பிள்ளைகளாக இரண்டு சிறு வெடிப்புகள்.

"மேலச்சு நல்லா இருக்கு அண்ணி. இதுக்குத்தான் ஆயுசு முடிஞ்சுது."

"எத்தன கொக்கி?"

"பதினெட்டாயிரத்துச் சொச்சம்."

"நல்லாத்தான் வாழ்ந்திருக்கு. சரி, அடுத்தத வெட்டு."

"மன்றத்துல கேக்கணும்."

அண்ணி கையுறைகளைக் கழற்றினார். சாப்பாட்டுக்கும் துக்கத்துக்கும் மட்டுமே அவர் அவற்றைக் கழற்றுவது வழக்கம். அப்போது மணி ஒன்பதுதான் ஆகியிருந்தது.

துக்கத்துக்குக் காரணம் இருந்தது. அறிவிப்புப் பலகையில் மன்றத்தின் ஆணையொன்று இரண்டு மாதமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஒப்புதல் பெற்ற அச்சின்மீது தொடர்ந்து அறுபது நாள் சம்மட்டி விழாத கொட்டகை எதுவாயினும் அது வெற்றிடம் எனக் கருதப்படும். வெற்றிடம், மன்றத்தின் புதிய பேரவைக் கூடத்துக்கு வழங்கப்படும். அங்கே பணிபுரிந்தோர் நாற்காலிப் பிரிவுக்கு மாற்றப்படுவர். மூவரோடு தொடங்கிய மன்றம் ஏழுபேராக வளர்ந்து, உட்கார இடம் போதாமல் தவித்துக்கொண்டிருந்தது. நாற்காலிப் பிரிவின் வேலை, கூட்டத்துக்கு முன் நாற்காலிகளை வரிசையாக்குவதும் கூட்டத்துக்குப் பின் அவ்வரிசை கலைந்திருப்பதைக் கண்டு வருந்துவதுமாகும்.

"எனக்கு நாற்காலி அடுக்க வராது தம்பி," என்றார் அண்ணி. "கையில எது கெடச்சாலும் அடிச்சுத்தான் பழக்கம்."

மைக்ரான் மாடிக்கு ஓடினார்.

விண்ணப்பம் பத்தொன்பது பக்கம். வேட்பாளரின் பெயர் என்ற இடத்தில், நிக்கலும் குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகின் பெயரை எழுதினார். சம்மட்டி அச்சுக்கு இருபது ஆண்டாக அந்த எஃகுதான். அடுத்த கேள்வி: வேட்பாளர் இதற்குமுன் எங்கேனும் அச்சாகப் பணியாற்றியதுண்டா? உண்டு. விலகியதற்குக் காரணம்? தேய்ந்துவிட்டார். நன்னடத்தைச் சான்று? ஒன்றும் தோன்றாமல், 'பதினெட்டாயிரம் கொக்கிகள்' என்று எழுதினார். விண்ணப்பம் இருமுறை திரும்பி வந்தது. மூன்றாம் முறை அதைச் செயலரே கையில் பிடித்துக்கொண்டு வந்தார். செயலர் மெலிந்தவர், பணிவானவர். கேட்டதை எழுதுவார், எழுதியதை நம்புவார்.

"ஒரே ஒருத்தர்தான் விண்ணப்பிச்சிருக்கார். குறைஞ்சது நாலு பேர் வேணும்."

"சார், எது வேணும்னு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுட்டா அப்புறம் தேர்வு எதுக்கு?" அவர் குரலில் எள்ளல் இல்லை, மெய்யான ஐயமே இருந்தது.

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

"மூணு பேர் தோக்கணுங்க. அப்பதான் ஒருத்தர் ஜெயிச்சதா ஆகும்."

மைக்ரான் கிடங்குக்குப் போனார். அவருக்கு வேண்டிய எஃகுப் பாளம் அங்கே முதல் அடுக்கிலேயே இருந்தது, கைநீட்டினால் தொடலாம். எடுக்கத்தான் முடியாது. நால்வரை நிறைவு செய்வதற்காக வேறு மூன்று எஃகுகளிலிருந்தும் உள்ளங்கை அளவுக்குத் துண்டுகள் அறுத்துக்கொண்டார். ஒன்று, அழுத்தும் எந்திரங்களுக்குரிய சூட்டு எஃகு. ஒன்று, வேலிக்கம்பிக்கு ஆகும் சாதாரண எஃகு. மற்றொன்று, தகடு வெட்டும் கத்திகளுக்கு ஆகும் குளிர் எஃகு. அது வைரம்போல் கடினமானது, ஓங்கி அடித்தால் கண்ணாடிபோல் பிளப்பது. தோற்பதற்கு இதைவிடத் தகுதியானது கிடைக்காது என்று எண்ணி, அதற்கு மட்டும் சற்று மெருகும் ஏற்றினார். வேலியில் போன ஓணானுக்கு அலங்காரம் வேறு செய்து மடியில் கட்டிக்கொண்டோம் என்பது அவருக்கு அப்போது தெரியாது.

பன்னிரண்டாம் நாள் நேர்காணல்.

மன்ற அறை குளிர்ச்சியாக இருந்தது. ஒரு பக்கம் ஏழு பெரிய நாற்காலிகள். எதிரே நான்கு சிறிய நாற்காலிகள். ஒவ்வொன்றின்மீதும் ஓர் எஃகுத் துண்டு. ஒவ்வொரு துண்டின் முன்பும் ஒரு குவளைத் தண்ணீர். வேட்பாளர் தாகத்தோடு பதில் சொல்லக்கூடாது என்பது விதி. மைக்ரானுக்கு நாற்காலி இல்லை. அவர் வேட்பாளர் அல்லர்.

தலைவர் எழுந்தருளினார். அறுவரும் எழுந்தார்கள், அமர்ந்தார்கள். தலைவர் முதலாம் துண்டை, அதாவது இருபதாண்டு உழைத்த குலத்தின் வழித்தோன்றலை, கருணையோடு நோக்கித் திருவாய் மலர்ந்தார்.

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்."

அறை அமைதியாயிற்று. செயலரின் பேனா மட்டும் ஓடியது: 'வேட்பாளர் அடக்கம் காத்தார்.'

"இந்தப் பணிக்கு ஏன் வர விரும்புகிறீர்கள்?"

'வேட்பாளர் சிந்தித்தார்.'

"சார்," என்றார் மைக்ரான், "அது ஸ்டீல்."

"நீங்க பேசக்கூடாது," என்றார் செயலர் மெல்ல. "பரிந்துரைக்கறவர் எடுத்துக் குடுத்தா மார்க் குறைச்சிடுவாங்க."

"எது அடி தாங்கும், எது சூடு தாங்கும்னு பாக்க வேணாமா?"

உறுப்பினர் ஒருவர் நிமிர்ந்தார். அவர் மன்றத்தின் நுட்ப உறுப்பினர். மன்றத்தில் உள்ள ஒரே வெப்பமானி, அறைக் குளிரை அளப்பது, அவர் பொறுப்பில் இருந்தது.

"சூடு பத்தி நாங்க யோசிக்காம இல்ல. ஆனா இந்த அறையில இருபத்து மூணு டிகிரிக்கு மேல போகக்கூடாது. அதனால சூடு இருக்கறதா வெச்சுக்குவோம்."

ஏழுபேரும் கண்களை மூடி, சூடு இருப்பதாக வைத்துக்கொண்டார்கள். ஒருவர் கைக்குட்டையால் நெற்றியை ஒற்றினார். பிறகு கண்களைத் திறந்து பார்த்தார்கள். நான்கு துண்டுகளும் உருகாமல் இருந்தன. நால்வருக்கும் முழு மதிப்பெண்.

தலைவர் நான்காம் நாற்காலிக்கு வந்தார். குளிர் எஃகைக் கையிலெடுத்தார். மெருகேறிய அதன் முகத்தில் தம் முகம் தெரியக் கண்டு, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். அவர் இதழ்களில் அரும்பு அவிழ்ந்தது.

"இவரிடம் ஒரு தெளிவு இருக்கிறது," என்றார்.

அறுவரும் எட்டிப் பார்க்க முயன்றார்கள். தலைவர் கொடுக்கவில்லை.

நுட்ப உறுப்பினர் ஏடொன்றைப் புரட்டினார். பதமேற்றியபின் நால்வரும் அடையக்கூடிய கடினத்தின் எண்கள் அதில் இருந்தன. "முதலாமவர் நாப்பது. நாலாமவர் அறுபது."

"நாற்பது பெரிதா, அறுபது பெரிதா?" என்று தலைவர் வினவினார். இருபது நிமிடம் விவாதம் நடந்தது. அறுபதே பெரிது என்பதில் இறுதியாக எவருக்கும் கருத்து வேறுபாடில்லை. வெகு நாட்களுக்குப் பிறகு ஒருமனதான முடிவு என்று செயலர் மகிழ்ந்து குறித்தார்.

"சார், கடினமா இருக்கறது வேற, அடி தாங்கறது வேற. அது வெடிச்சிடும்," என்றார் மைக்ரான், விதியை மீறி.

"அடி தாங்குவது ஒரு தகுதியா?" தலைவர் சிரித்தார். "அடிபட்டவர்கள்தான் தாங்குவார்கள். நல்ல வேட்பாளரை எவரும் அடிக்கும் நிலை வராது. ஆயினும் ஐயத்துக்கு இடம் வைக்கலாகாது. ஒரு துணைக்குழு சென்று, சம்மட்டி உண்மையிலேயே அடிக்கிறதா என்று நேரில் பார்த்து வரட்டும்."

துணைக்குழு வருவதற்கு ஒரு வாரம் ஆயிற்று. வருமுன் உலையை அணைக்கச் சொன்னார்கள், புழுக்கம் ஆகாது என்று. தரையைக் கழுவச் சொன்னார்கள், கரி ஒட்டும் என்று. மூவரும் வெள்ளைக் காலணிகளோடு வந்து, பொழுது சாயும்வரை அமர்ந்து சம்மட்டியைக் கண்ணிமைக்காமல் பார்த்தார்கள்.

அண்ணி ஒரு தூணில் சாய்ந்து அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுக்குங்க காத்துக்கிட்டு இருக்கீங்க?"

"அடிக்குதான்னு பாக்கறோம்மா."

"டை இல்லாம எப்படிங்க அடிக்கும்?"

"அதை எங்க அறிக்கை வந்த பிறகுதான் சொல்ல முடியும்."

அறிக்கை இருபத்தாறாம் நாள் வந்தது. 'ஐந்தரை மணி நேரம் தொடர்ந்து நோக்கியதில் சம்மட்டி ஒருமுறையும் அடிக்கவில்லை. ஆகவே, அடி தாங்கும் தன்மை இப்பணிக்குத் தேவையற்றது.' அதன் கீழே தீர்ப்பு: குளிர் எஃகு தேர்ந்தெடுக்கப்பட்டது. அதற்கும் கீழே: 'அச்சு வெட்டுபவர் தம் மகிழ்ச்சியை உரத்த குரலில் தெரிவித்தார்.'

வீட்டில் அன்று மாலை மைக்ரான் எதையும் தொடவில்லை. கீழ்த்தளத்தில் அண்ணனும் அண்ணியும், மேல்தளத்தில் இவரும் குடியிருந்தார்கள். உணவு மட்டும் ஒரே மேசையில். அண்ணன் பேருந்து ஓட்டுநர். ஒரு கையில் கத்தியும் மறுகையில் வெங்காயமுமாக, நடந்ததையெல்லாம் கேட்டார்.

"ஒரு இரும்புத் துண்டப் பொறுக்கறதுக்கு இருபத்தாறு நாளா? உங்க அண்ணி என்னைப் பத்தே நிமிஷத்துல பாத்து முடிவு பண்ணா."

"அதான் இப்படி ஆயிடுச்சு," என்றார் அண்ணி. "எனக்கும் ஒரு மன்றம் இருந்திருந்தா, நீங்க இன்னும் நாற்காலியில தண்ணி டம்ளரோட உக்காந்திருப்பீங்க."

"தேறியிருப்பேனா?"

"மினுமினுன்னு இருந்திருந்தா தேறியிருப்பீங்க."

அண்ணன் தம் தலையைத் தடவிப் பார்த்து, அந்தத் தகுதி தமக்கு இப்போது வந்துகொண்டிருப்பதாகச் சொன்னார். மைக்ரானுக்குச் சிரிப்பு வரவில்லை.

"நான் வெட்ட மாட்டேன் அண்ணி. வெடிக்கும்னு தெரிஞ்சே ஒரு டைய வெட்டச் சொல்றாங்க."

"வெட்டாட்டி என்ன ஆகும்?"

"அறுபது நாள் முடிஞ்சிரும்."

"வெட்டுனா?"

"வெடிக்கும்."

"அப்ப வெட்டு," என்றார் அண்ணி, தட்டை அவர் பக்கம் நகர்த்தி. "நீ வாயால சொன்னத அவங்க நம்பல. காதால கேக்கட்டும். ஆனா ஒண்ணு, முன்னால கம்பிவலைத் தடுப்பு போடணும். அவங்க முட்டாளா இருந்தாலும் அவங்க வீட்டுலயும் யாராச்சும் காத்திருப்பாங்க."

மைக்ரான் வெட்டினார். ஆகாதென்று தெரிந்த வேலையை அரைகுறையாகச் செய்யும் கலை அவருக்குக் கைவரவில்லை. குழியின் ஒவ்வொரு வளைவையும் அளந்தார், மெருகிட்டார், பதமேற்றினார், மறுபடி அளந்தார். பகைவன் பிள்ளைக்கும் பாலூட்டும் தாய்போல் அந்த எஃகுக்கு அவர் ஒரு குறையும் வைக்கவில்லை. ஐம்பத்தேழாம் நாள், கீழச்சு சம்மட்டியில் ஏறியது.

ஐம்பத்தெட்டாம் நாள் தொடக்க விழா. முதலடியைத் தாமே அடிப்பதாகத் தலைவர் அறிவித்திருந்தார்.

குளிர்ந்த அச்சின்மேல் ஒருநாளும் சம்மட்டி விழலாகாது. கைவைக்க முடியாத அளவுக்கு அதை முன்கூட்டியே சூடேற்ற வேண்டும். மைக்ரான் விடியலிலேயே வந்து, தீக்குழல் ஒன்றை அச்சின் பக்கவாட்டில் பொருத்தி, சிறுகச் சிறுகச் சூடேற்றியிருந்தார். சூட்டோடு அடித்தால் இந்த எஃகுகூட நாற்பது ஐம்பது கொக்கி தாங்கலாம் என்று அவர் நெஞ்சின் ஒரு மூலை ஆசைப்பட்டது. நாற்பது கொக்கி அடித்தால் கொட்டகை பிழைக்கும்.

மன்றத்தார் எழுவரும் கம்பிவலைக்கு இப்பால் அமர்ந்தார்கள். தீக்குழல் இரைந்துகொண்டிருந்தது. தலைவர் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்தார்.

"அந்தச் சத்தத்தை நிறுத்துங்கள்."

"நிறுத்துனா டை ஆறிடும் சார்," என்றார் மைக்ரான்.

"மன்றம் தேர்ந்தெடுத்த எஃகு. ஓர் உரையைக்கூடத் தாங்காதா?"

தீக்குழல் அணைந்தது. தலைவர் தொடங்கினார்.

"அன்பர்களே, நான் இந்தத் தொழிற்சாலைக்கு வந்து பதினாறு ஆண்டுகள் ஆகின்றன. இதுநாள்வரை ஓர் அச்சையும் நான் தொட்டதில்லை. அந்த நடுநிலைமையே என் தகுதி. தொட்டவன் சூட்டைப் பற்றித்தான் பேசுவான். தொடாதவனால்தான் கொள்கையைப் பற்றிப் பேச முடியும். மன்றம் தொடங்கிய காலத்தில் ஓர் எஃகைத் தேர்ந்தெடுக்க நான்கே நாள் ஆயிற்று. இன்று இருபத்தாறு நாள் ஆகிறது. ஆறு மடங்கு வளர்ச்சி. என் காலத்துக்குள் இதை நூறு நாளாக உயர்த்திக் காட்டுவேன். மன்றம் இல்லாமலே முன்பு கொக்கிகள் செய்தார்களே என்று சிலர் கேட்கிறார்கள். கொக்கிகள் இல்லாமலே மன்றம் இத்தனை நாள் நடந்ததே, அதை ஏன் அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை?"

கைதட்டல் எழுந்தது. நுட்ப உறுப்பினர் அடுத்துப் பேசினார். அவருக்கு அடுத்தவர், தமக்கு முன் பேசியவர்களைப் பாராட்டினார். அவருக்கு அடுத்தவர், தமக்குப் பின் பேசப்போகிறவர்களையும் சேர்த்துப் பாராட்டினார். இரண்டரை மணி நேரத்தில் ஆறு உரைகள். ஏழாமவர் உறங்கிவிட்டதால் அவர் உரை நிகழ்த்தப்பட்டதாகக் கொள்ளப்பட்டது.

மைக்ரான் சந்தடியில்லாமல் சென்று அச்சின்மேல் கைவைத்தார். கையை எடுக்கவேண்டிய தேவை ஏற்படவில்லை. அண்ணியைப் பார்த்தார். அண்ணி காதைச் சுட்டிக் காட்டினார்.

உலையிலிருந்து செந்துண்டு வந்து குழியில் அமர்ந்தது. தலைவர் கால்மிதியருகே எழுந்தருளினார். கம்பிவலைக்குப் பின்னால்தான் நிற்கவேண்டும் என்று அண்ணி அவரை முழங்கையால் நகர்த்தி நிறுத்தினார். பின்பு வலைக்கு அடியில் நீண்டு திருவடி மிதியில் பட்டது.

சம்மட்டி இறங்கியது. மணி ஒலித்தாற்போல் ஓர் ஓசை. தூய்மையான, நீண்ட ஓசை. கீழச்சு ஓரத்திலிருந்து ஓரம்வரை பிளந்து, பலாச்சுளைபோல் இரண்டாக விரிந்தது. நடுவே செந்துண்டு, எந்த வடிவமும் அடையாமல், தன்பாட்டுக்கு ஆறத் தொடங்கியது. உறங்கிய உறுப்பினர் விழித்துக் கைதட்டினார்.

எஃகை நொந்து பயனில்லை. ஆறு உரைகளையும் அது தாங்கிற்று, அடியைத்தான் தாங்கவில்லை.

செயலர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தலைவரையே பார்த்தார்.

"என்னன்னு எழுதறதுங்க ஐயா? டை உடைஞ்சதுன்னு எழுதினா, தேர்வு தப்புன்னு ஆகும்."

தலைவர் பிளவை உற்று நோக்கினார். இரு கூறுகளிலும் அவர் முகம் பாதி பாதியாகத் தெரிந்தது. அது அவருக்கு வழி காட்டிற்று போலும்.

"எத்தனை அச்சு கேட்டார்கள்?"

"ஒண்ணு."

"இப்போது எத்தனை இருக்கின்றன?"

செயலர் எண்ணினார். "ரெண்டு."

"அப்படியே எழுதுங்கள். கேட்டது ஒன்று, மன்றம் வழங்கியது இரண்டு."

அறுவரும் கைதட்டினார்கள். செயலர் எழுதினார், எழுதியதை நம்பினார். மைக்ரான் வாயைத் திறந்தார். அண்ணியின் காலணி அவர் காலின்மேல் அமர்ந்தது.

"ஐயா," என்றார் அண்ணி, இதுவரை எவரும் கேட்டிராத பணிவோடு. "மொத அடிய நீங்கதான் அடிச்சீங்கன்னு அதுல போடலையே?"

"போடாமல் இருக்கலாமா? எழுதுங்கள். முதலடி, தலைவரின் அடி."

"ஒப்புதல் வாங்குன டை மேலதானே அடிச்சீங்க?"

"மன்றமே ஒப்பிய அச்சு."

"அது சரியான அடிதானே? ஒருவேளை நாளைக்கு யாராச்சும், அது அடியே இல்லன்னு..."

தலைவர் வெகுண்டார். "யார் சொல்வது? அது அடி. முழுமையான அடி. நாள், மணி, நிமிடம் எல்லாம் குறித்து, நானே கையொப்பமிடுகிறேன்."

இட்டார். மை உலரும்வரை அண்ணி அருகிலேயே நின்றார்.

மன்றத்தார் மாடியேறிய பிறகு, "ஏன் அண்ணி கால மிதிச்சீங்க?" என்றார் மைக்ரான். "ரெண்டு நாள்தான் இருக்கு. புது டை வெட்ட ஒரு மாசம் ஆகும். எல்லாம் போச்சு."

"பலகையில என்ன எழுதியிருக்கு? தொடர்ந்து அறுபது நாள் சம்மட்டி விழலன்னா."

"ஆமா."

"இன்னைக்கு விழுந்துச்சா இல்லையா?"

மைக்ரான் அண்ணியைப் பார்த்தார், பிளந்த அச்சைப் பார்த்தார், மாடிப்படியைப் பார்த்தார்.

"நாளைக்கு ஒண்ணாம் நாள்," என்றார் அண்ணி. "கையெழுத்து அவரோடது."

மைக்ரான் முகத்தில் அறுபது நாளில் முதல் சிரிப்பு மலர்ந்தது. மலர்ந்தது பாதியில் நின்றது. "திரும்ப மன்றத்துக்குப் போனா, திரும்ப இருபத்தாறு நாள், திரும்ப நாலு பேர்."

இதற்கு விடை கிடங்கில் கிடைத்தது. கிடங்குக்காரர் ஒரு பருத்த மனிதர். விதிப்புத்தகத்தைத் தலையணையாக வைத்துப் பல்லாண்டு பழகியதால் அதன் பக்கங்கள் அவருக்கு மனப்பாடம். மறுநாள் காலை, மைக்ரான் பிளந்த அச்சின் இரு கூறுகளையும் தள்ளுவண்டியில் கொண்டுபோய் அவர் முன் நிறுத்தினார்.

"என்னப்பா இது, பொளந்துகிட்டு வந்திருக்கு?"

"பொளக்கல. மன்றக் குறிப்பப் பாருங்க. ஒண்ணு கேட்டேன், ரெண்டு குடுத்திருக்காங்க."

கிடங்குக்காரர் குறிப்பைப் படித்தார். தலைவரின் கையொப்பத்தைத் தடவிப் பார்த்தார். பின் இரு கூறுகளையும் வெகுநேரம் பார்த்தார். கண்ணுக்கும் காகிதத்துக்கும் வழக்கு நேர்ந்தால் காகிதத்தின் பக்கம் நிற்பதே அவர் தொழில்.

"ரெண்டுல ஒண்ணு அதிகப்படி. ஆக, அதைத் திருப்பித் தரே."

"ரெண்டையுமே திருப்பித் தரேன். ரெண்டும் ஒரே அளவா இருக்கு. எது கேட்டது, எது அதிகப்படின்னு எனக்குச் சொல்லத் தெரியல."

"அப்ப ரெண்டும் அதிகப்படி," என்றார் கிடங்குக்காரர், கண்களை மூடிப் பக்கம் புரட்டுவதுபோல. "திருப்பின எடைக்கு எடை, அடுக்குல இருக்கறதுல எது வேணும்னாலும் எடுத்துக்கலாம். ஏற்கெனவே தேர்வு நடந்த வேலைக்கு மறுதேர்வு கெடையாது. எதை எடுத்துக்கறே?"

மைக்ரான் முதல் அடுக்கின்மேல் கைவைத்தார். அறுபது நாள் கண்ணால் மட்டும் தொட்ட நிக்கல் எஃகு, குளிர்ச்சியாக, மெருகின்றி, சிறிதும் பேசாமல், அவர் கைக்குள் அடங்கியது.

அண்ணன் அன்றிரவு உணவின்போது, "இப்ப எத்தன பேர் போட்டி?" என்று கேட்டார். "போட்டியே இல்ல," என்றார் மைக்ரான், மூன்றாம் முறை சோறு கேட்டுக்கொண்டே.

முப்பத்தொன்றாம் நாள் காலையில் தீக்குழல் இரைந்தது. எவரும் அதை நிறுத்தச் சொல்லவில்லை. அச்சு சூடேறியது, செந்துண்டு வந்தது, அண்ணி கையுறைகளை அணிந்தார். உரை என்று எதுவும் நிகழவில்லை. "ம்," என்றார் அண்ணி, அவ்வளவே. நான்கு அடி. கொட்டகையின் தூசி நான்கு முறை எழுந்து அடங்கியது. மைக்ரான் முதல் கொக்கியை இடுக்கியால் தூக்கி ஒளியில் திருப்பினார். மூக்கில் கோடில்லை. ஓரத்தில் பிசிறில்லை. அவர் அதை அளக்க மறந்தே போனார்; அவர் வாழ்வில் அளவெடுக்காமல் ஒன்றை அழகென்று ஒப்பியது அதுவே முதல்முறை.

நண்பகலுக்குள் நூறு கொக்கிகள் ஆயின. அப்போது வாயிலில் செயலர் தோன்றினார், கையில் அளவு நாடாவோடு. கொட்டகை எந்த அளவுக்குக் காலியாகியிருக்கிறது என்று அளந்துவர மன்றம் அனுப்பியிருந்தது. மன்றத்தின் உறுப்பினர் தொகை இப்போது ஒன்பது. அலுவலறையில் இருவர் சன்னல் திண்டில் அமர்ந்திருந்தனர்.

அவர் நாடாவை விரித்தார். சம்மட்டி விழுந்தது. நாடா கையிலிருந்து நழுவியது. எடுத்தார். மறுபடி விழுந்தது. நான்காம் அடிக்குப் பின் அவர் நாடாவைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டு, 'வெற்றிடம் இல்லை' என்று எழுதினார். இந்த முறை எழுதுவதற்கு முன்பே அவர் அதை நம்பியது முகத்தில் தெரிந்தது.

போக மனமின்றி, ஆற வைத்திருந்த கொக்கி ஒன்றைக் குனிந்து தொட்டுப் பார்த்தார்.

"இது எவ்வளவும்மா தாங்கும்?"

"பத்து டன்," என்றார் அண்ணி.

செயலர் மாடிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஒன்பது பேரையும் அவர்களுடைய நாற்காலிகளையும் கோப்புகளையும் மனத்துக்குள் கூட்டிப் பார்த்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"எங்க மன்றத்தத் தூக்குமா?"

"தாராளமாத் தூக்கலாம் சார்," என்றார் அண்ணி, மிதியின்மேல் காலை வைத்துக்கொண்டே. "எறக்கி வைக்கத்தான் எடமில்ல."